ஒட்டுப்பசை

காலை ஏழு ஐம்பதுக்கு
பேரின்பம் அண்ணர் என் போனின் கண்ணைப் பொத்துகிறார்.
சட்டைப் பொத்தானளவு சிவப்பு வட்டம்,
அதில் இன்றைய இலக்கம்.
முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு மூன்று.
"எத்தின கண் வைச்சிரிக்கான் இதுக்கு"
என்கிறார், ஸ்டிக்கர் சுருளைப் பார்த்து.

கல்லடியில்
கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற கட்டடம்.
யன்னல்களுக்குப் பால்நிறத் தாள் ஒட்டியிருக்கிறது.
உள்ளே முப்பத்தொரு பேர்
ஒன்றைச் செய்கிறோம்.
என்னவென்று சொல்லமாட்டேனென்று
ஆறு பக்கத்திலும் கையெழுத்து வைத்திருக்கிறேன்.
நகத்தளவு பச்சைப் பலகை என்பதுவரை சொல்லலாம்
என்று நினைக்கிறேன்.
உறுதியில்லை.
வேண்டுமானால் 'பச்சை'யை வெட்டிவிடுங்கள்.

பையைத் திறந்து காட்டுவது எங்களுக்குப் புதிதா?
இந்த ஊரில் முப்பத்தைந்து தாண்டிய எவருக்கும்
கேட்குமுன்னமே கை சிப்புக்குப் போகும்.
இது சம்பளத்தோடு,
அவ்வளவுதான்.

மாசியில் ஒரு பலகை கருகிப்போனது.
நுணுக்குக்காட்டியின் கீழே ஒரு கறுப்புப் புள்ளி,
அதைச் சுற்றி ஒரு வளையம்.
வளையத்தின் நிறம் வேண்டாம்.
படம் எடுத்து அனுப்பினால் ஒரு நிமிட வேலை.
அனுமதி பெற்ற ஒரேயொரு கமரா
கொழும்பில் அலுமாரிக்குள் இருந்தது,
திறப்பை வைத்திருந்தவர் கலியாணவீட்டில்.
ஆகவே முகம் தெரியாத இஞ்சினியர் ஒருவருக்குத்
தொலைபேசியில் சொன்னேன்:
புள்ளியின் வலது ஓரம் கிழிந்திருக்கிறது.
எப்படிக் கிழிந்திருக்கிறது?
நண்டு வளை தோண்டி
மண்ணை ஒரு பக்கமாய் எறிந்தமாதிரி.

அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு கேட்டார்: "எந்த நண்டு?"
நக்கலடிக்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.
அலை திரும்புமுன் வளைக்குள் ஓடுகிற
சின்ன வெள்ளை நண்டு.
எறிகிற மண் விசிறிபோலக் கிடக்கும், குவியாது.
"அப்ப சூடு இடப்பக்கத்தால வந்திரிக்கி" என்றார்.
அப்படியேதான் இருந்தது.

அந்த வரிகளைத் துண்டில் எழுதி வைத்திருந்தேன்,
ஏனென்று தெரியாது.
பின்னேரம் பையைத் துழாவிய பேரின்பம் அண்ணர்
இரண்டு தரம் வாசித்தார்.
"நண்டு" என்றார் வாய்விட்டு.
"எனக்கு விளங்கல்ல புள்ள.
விளங்காததெல்லாம் உள்ளுக்குத்தான் இரிக்கோணும்."
தாள் வெட்டுகிற மெசின் ஒரு கணம் உறுமியது.
கல்லடி நண்டொன்று
நூல்நூலாய் ஒரு சாக்குக்குள் கிடக்கிறது.

அன்று மழை.
காத்தான்குடியில், நடுவீதிப் பேரீச்சை மரங்கள் நனைய
பஸ் நின்றுநின்று ஊர்ந்தது.
ஆவி படிந்த கண்ணாடியில் என் விரல்
ஒரு கோடு, ஒரு வளைவு, பக்கத்தில் ஆறு கால்...
பக்கத்தில் இருந்த சிபானா
உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
அவளுக்கும் ஆறு பக்கம்.
இறங்கும்போது
கையை உடுப்பில் தேய்த்துக்கொண்டு போனாள்.

ஆரையம்பதியில் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள்.
ஸ்டிக்கரை உரித்தேன். பசை உரியவில்லை.
சேலைத் தலைப்பால் துடைத்தேன்,
பிறகு எலுமிச்சம்புளி, பிறகு மண்ணெண்ணெய்.
எடுத்த படமெல்லாம் புகைக்குள் நிற்கிறது.
மெழுகுதிரி ஐந்தும் ஊறிப்போன வெளிச்சம்,
பிள்ளை இருக்கிற இடத்தில் ஒரு மங்கல் சிரிப்பு.
"அம்மா, என்ன பனியா?" என்று கேட்கிறாள்
பனியே காணாத பிள்ளை.

இரவு டோஹாவிலிருந்து அவர் எடுத்தார்.
"படம் ஒண்டும் தெளிவில்ல.
என்ன சட்டை போட்டிரிக்கா?"
மஞ்சள் சட்டை.
தோளில் குஞ்சம், இடது குஞ்சம் அவிழ்ந்திருக்கிறது,
கேக் கையால் அதைக் கட்டப்போய்
நெஞ்செல்லாம் கிறீம்.
சொல்லச்சொல்ல அவர் மூச்சு கிட்ட வந்தது.
"என்ன மஞ்சள்?" என்றார்.

எந்த மஞ்சளென்று எனக்குத் திட்டமாய்த் தெரியும்.
அதே நிறத்தை எங்கே பார்த்தேனென்றும் தெரியும்.

சும்மா மஞ்சள், என்றேன்.